மூணு அச்சு போதும்

வெர்னா ஹால்வர்சன் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இடைப்பட்ட நேரத்தில் தோட்டா செய்தாள். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைக் காப்பித் தகர டப்பாவில் போட்டு அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகாத ஆளும் குறைவு. சுட்டு விரிந்த பித்தளைக் கூட்டை முதல் அச்சில் நெரித்து அளவுக்குக் கொண்டுவருவாள். இரண்டாவதில் வாயை லேசாக அகட்டி, மருந்து நிரப்பி, மூன்றாவதில் ஈயக் குண்டைப் பொருத்துவாள். பதினெட்டு வருடத்தில் அவள் செய்த தோட்டா ஒன்றுகூட வெடிக்காமல் போனதில்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வாள்.

செப்டம்பரில் பழைய அச்சு தேய்ந்து கூடுகளைக் கீறத் தொடங்கியது. ஹார்லன் ப்ரூட்டின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். ஹார்லன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்றில் மூன்று அச்சு, மற்றதில் நான்கு.

"நாலு இருக்கறத எடு, வெர்னா. உன் புருஷன் ஓரினோட ரிவால்வர் கழுத மாதிரி உதைக்கும். கூட்டு வாய உள்பக்கமா மடக்கி குண்ட நல்லா இறுக்கிப் புடிக்கணும். அதுக்குன்னே இந்த நாலாவது."

"மூணாவதே குண்டையும் வெக்குது, வாயையும் மடக்குது. அப்புறம் நாலாவது எதுக்கு? உன் கடை வாடகைக்கா?"

"ஒரே ஆள் ரெண்டு வேலை பாத்தா ஒண்ணுல கோட்டை விடுவான். அச்சும் அப்படித்தான்."

"உன்ன மாதிரி ஆளுன்னு சொல்லு. மூணு போதும்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நாலாவதைக் கையில் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. காகித இலக்கைச் சுடுகிறவர்களுக்கான, உதைப்புக் குறைந்த தோட்டாக்களை முதலில் செய்தாள். வாயை லேசாக மட்டும் மடக்கும் அந்த அளவிலேயே அச்சை விட்டுவிட்டு, கணவன் ஓரின் கரடி வந்தால் சுட இடுப்பில் கட்டிப் போகும் கனத்த தோட்டாக்களையும் செய்து முடித்தாள்.

அக்டோபரில் ஓரின் சுட்ட எல்க் மானை மலைச்சரிவில் இருவரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்த வாடைக்குக் கரடி வந்தது. வெர்னா கத்துவதற்குள் அது பாதித் தூரம் ஓடி வந்துவிட்டது. ஓரின் ரிவால்வரை உருவி இரண்டு முறை சுட்டான். இரண்டாவது அதன் தோளைப் பிய்த்தது. மூன்றாவதற்கு விசை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கரடி அவன் முகத்தைக் கவ்வியது. பச்சைக் கிளை முறிவது போல எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மானின் விலாவைப் பிளந்துகொண்டிருந்த கைக்கோடரியால் வெர்னா அதன் மூக்கில் வெட்டினாள். மறுபடியும் வெட்டினாள். அதன் மூச்சு அவள் மணிக்கட்டைச் சுட்டது. நான்காவது வெட்டுக்கு அது ஓரினை உதறிவிட்டு, ரத்தம் தெறிக்கத் தலையைக் குலுக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது.

ஓரினின் இடது கண் கன்னத்தில் கிடந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்திருந்தாள். அப்போதுதான் பக்கத்தில் கிடந்த ரிவால்வரைப் பார்த்தாள். மூன்றாவது தோட்டாவின் குண்டு இரண்டு உதைப்பில் கழன்று, ஒரு நெல்மணி அளவு முன்னால் துருத்திக்கொண்டு, தோட்டா உருளையைச் சுற்றவிடாமல் முட்டி நின்றது. கத்திப் பிடியால் தட்டி உள்ளே தள்ளினாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து ஓரின் எழுந்து நடந்தான். ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஹார்லன் கடைக்கு வண்டிய விடு."

"எதுக்கு?"

"ஆகஸ்ட்ல உருளையக் கழட்டி மாட்டுனது அவன்தான? பேசணும்."

பேசவில்லை. உள்ளே நுழைந்ததும் ஹார்லனின் பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடி மேசையில் அறைந்தான். கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாம் முறை அறைந்தபோது மூக்கு உடைந்தது.

"என் துப்பாக்கிய என்னடா பண்ண?"

"ஸ்பிரிங் மட்டும்தான் மாத்துனேன்... சத்தியமா, ஓரின்..."

"இந்த மூஞ்சியப் பாத்து சொல்லுடா!"

ஹார்லனின் வலது கையை மேசை விளிம்பில் வைத்துச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினான். முறிந்தது. அடுத்த விரலும் முறிந்தது. மூன்றாவதைப் பிடித்தான். வெர்னா அவன் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவினாள்.

"அவன விடு. தப்பு என்னோடது. பின்னால வா, காட்டறேன்."

பின்பக்கம் ஹார்லன் சுட்டுப் பார்க்கும் மணல்மேடு இருந்தது. ஹார்லனும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் பின்னால் வந்தான். ஓரினின் தோட்டா வாரிலிருந்து தன் கையால் செய்த ஆறை எடுத்து நிரப்பினாள். சுட்டாள். மறுபடி சுட்டாள். மூன்றாவதற்கு விசை நகரவில்லை. முன்னால் குண்டு துருத்தி நின்ற உருளையை ஓரினின் நல்ல கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"அன்னைக்கும் இதான். நான் தட்டி உள்ள தள்ளிட்டேன். இறுக்கிப் புடிக்கற அச்ச வாங்கச் சொல்லி இவன் தலபாடா அடிச்சுக்கிட்டான்."

ஓரின் துருத்திய குண்டை விரலால் தடவினான். பிறகு ஹார்லன் பக்கம் திரும்பி, தையல் போடாத கன்னத்தைக் காட்டினான்.

"அடி."

"போய்த் தொலடா."

"அடிடா, கெழட்டு நாயே!"

ஹார்லன் அங்கே கிடந்த ஸ்பேனரை இடது கையால் எடுத்து அடித்தான். ஓரின் தள்ளாடி, ஒரு பல்லை மணலில் துப்பினான். "சரி," என்றான். அப்புறம்தான் மனைவியைப் பார்த்தான்.

"ஆறு வாரமா இவன எப்படிக் கொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே படுத்துக் கெடந்தேன். நீ எனக்கு சூப் ஊட்டிக்கிட்டு இருந்த."

"எனக்கும் ஒரு அடி குடு, ஓரின்."

அவன் கையை ஓங்கவே இல்லை. வாரில் மிச்சமிருந்த அவள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருவி மணலில் போட்டான். கடைக்குள் போய், கண்ணாடிச் சில்லு நெறுநெறுக்க நடந்து, அலமாரியிலிருந்து தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

ஹார்லன் விரல்களைப் பிடித்துக்கொண்டு முனகினான். வெர்னா மண்டியிட்டு மணலில் கிடந்ததைப் பொறுக்கினாள். வாசலில் ஹாரன் ஒரு முறை ஒலித்தது. ஒற்றைக் கண்ணோடு அவனால் இன்னும் வண்டி ஓட்ட முடியாது. அவள்தான் போயாக வேண்டும்.