மொட்டை மாடியில் போட்ட வடக்கு

எனக்குப் பயம் ஜாஸ்தி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ள பெண்ணைப் பெற்று வளர்த்தவளிடம் வந்து, "ஏன் இப்படி பயந்து சாவற" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வளர்த்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

மகளுக்கு இடது கண்ணில் பிறவியிலேயே பார்வை இல்லை. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. "வலது கண்ணு நல்லா இருக்கு, அத பத்திரமா பாத்துக்குங்க, போதும்" என்று டாக்டர் சொன்னார். அந்தப் 'பத்திரமா' என்ற வார்த்தையை நான் விடவே இல்லை. தீபாவளிக்கு அவளுக்கு மத்தாப்புகூடக் கிடையாது. கடுகு தாளிக்கும்போது சமையலறைப் பக்கம் வரக்கூடாது. கில்லி ஆடுகிற தெரு வழியாகப் போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கச் சொன்னபோது, உள்ளே இருந்த கவராயத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். வட்டம் போட வளையலைக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் என் தம்பி ஒரு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அது. அவன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்து வெள்ளையாக ஒரு குழாயையும், அதைத் தாங்குகிற முக்காலியையும், மோட்டார் வைத்த ஒரு தலையையும், ஒயர் போட்ட ரிமோட் ஒன்றையும் எடுத்து வைத்தான்.

"ஏண்டா, உனக்கு வேற எதுவுமே கெடைக்கலயா? கண்ணு சம்பந்தப்பட்டதையே வாங்கிட்டு வரணுமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை. "அக்கா, இதுல யாரா இருந்தாலும் ஒரு கண்ணாலதான் பாக்கணும். இன்னொண்ண மூடிக்கணும். கடையில இத பாத்ததும் இவ ஞாபகம்தான் வந்துச்சு" என்றான்.

காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவன் இருந்த நாளெல்லாம் வானம் மூடியே கிடந்தது. ஊருக்குப் போன பிறகு போனில்தான் மகளுக்குப் பாடம் நடத்தினான். முக்காலியை ரசமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். குழாயைத் தரைக்கு மட்டமாக வைத்து, சரியாக வடக்கே பார்க்கத் திருப்ப வேண்டும். ரிமோட்டில் ஊரையும் தேதியையும் மணியையும் தட்ட வேண்டும். அமெரிக்காக்காரன் செய்தது, அதனால் மாதம் முதலில், தேதி பிறகு. அப்புறம் மோட்டார் தானாகவே ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் போகும். அது குழாய்க்குள் நடுவில் வந்து நின்றால் சரி என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அடுத்து இரண்டாவது நட்சத்திரம். இரண்டும் முடிந்தால் எந்தக் கிரகத்தைக் கேட்டாலும் காட்டும்.

"ஆனா சூரியன் பக்கம் மட்டும் திருப்பிடாத. ஒரு செகண்ட் போதும், கண்ணு போயிடும்" என்று அவளிடம் சொன்னானாம். என்னிடம் அவள் அதைச் சொன்னதும் பெட்டியைக் கட்டிப் பரணில் போடப் போனேன். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது சித்திரை மாதம். ஸ்கூல் லீவு. ஒரு நாள் சாயங்காலம் தோழிகளை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர்கள் வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். உச்சி வெயிலில் என்னையும் என் வீட்டுக்காரரையும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, வடக்கு எது?"

செங்கம் ரோட்டில் அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் புதிதாகத்தான் குடி வந்திருந்தோம். சூரியன் உச்சந்தலைக்கு மேலே நின்றது. சித்திரையில் எங்கள் ஊரில் மத்தியானம் நிழல் காலுக்கடியில் போய்விடும். அதைப் பார்த்துத் திசை சொல்ல முடியாது. அவர் எதிரே தெரிந்த அண்ணாமலையார் மலையைப் பார்த்தார். நானும் மலையைத்தான் பார்த்தேன்.

"மலை மேற்கு. அப்ப இது வடக்கு" என்று மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு நேரே கையை நீட்டினார்.

"ஆமா" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றில் ஒத்துப்போவதே அபூர்வம். அன்றைக்கு ஒத்துப்போனோம். கோலமாவு எடுத்து வந்து தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, நுனியில் அம்புக்குறி போட்டு, 'வ' என்று எழுதினாள் மகள்.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மேகம் கட்டிக்கொண்டது. சூரியன் முகமே தெரியவில்லை. இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு நான் அவளை மேலே விட்டிருப்பேனா? "சூரியனே இல்லம்மா, ஒத்திகைதானே" என்று கெஞ்சினாள். நானும் கூடவே போனேன். காய வைத்திருந்த கூழ் வத்தலை எடுக்க வேண்டியிருந்தது. அவர் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கோட்டின் மேல் முக்காலியை வைத்தாள். குழாயை அம்புக்குறிக்கு நேராகத் திருப்பினாள். ரிமோட்டில் எல்லாவற்றையும் தட்டினாள். பகலா இரவா என்பதெல்லாம் அந்த ரிமோட்டுக்குத் தெரியாது. வானத்தில் அந்த நேரத்துக்கு எந்த நட்சத்திரம் மேலே இருக்கிறதோ அதைக் கேட்டது. மோட்டார் கிர்ரென்று முனகியது. குழாய் தானாகத் திரும்பி, பாதி வட்டம் சுற்றி, அம்புக்குறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. யாரும் தொடாமல் ஒரு பொருள் தலையைத் திருப்புவதைப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இது தெக்குதானே?" என்று கேட்டேன்.

"வடக்குக்கு முதுகு தெக்குதாம்மா" என்றாள். நட்சத்திரம் வந்ததாக வைத்துக்கொண்டு, சரி என்ற பட்டனை அமுக்கினாள். "அடுத்தது அகத்தியர் நட்சத்திரம். தெக்குல கீழ இருக்கும்னு மாமா சொன்னாரு."

மறுபடியும் கிர்ரென்ற சத்தம். குழாய் கீழே இறங்க ஆரம்பித்தது. அவள் குனிந்து, கண் வைக்கிற இடத்தில் முகத்தைக் கொண்டுபோய், அது இறங்க இறங்கக் கூடவே நகர்ந்துகொண்டிருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால், வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்த வத்தலை உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வேட்டி பளிச்சென்று ஆனது. மேகம் விலகிவிட்டது. வேட்டியின் மேல் டெலஸ்கோப்பின் நிழல் விழுந்தது. முக்காலியின் கால்கள் நீளமாக விழுந்தன. ஆனால் குழாயின் நிழல் மட்டும் கட்டையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கட்டையானது. அவ்வளவு நீளக் குழாய்க்கு ஏன் இத்தனூண்டு நிழல் என்று நினைத்தேன். அது சுருங்கிச் சுருங்கி வட்டமாகிக்கொண்டே வந்தது.

"அம்மா, ஏதோ வருதும்மா. வெளிச்சமா வருது" என்றாள் மகள், சந்தோஷமாக.

குழாய் சூரியனுக்கு நேராகப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. வத்தல் காலில் நொறுங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இடது கையால் அவள் நெற்றியைப் பின்னால் தள்ளி, வலது உள்ளங்கையைக் கண் வைக்கிற துவாரத்தின் மேல் வைத்து மூடினேன். கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி ஒரே இடத்தில் சுரீரென்றது. கையை எடுக்கவில்லை. மோட்டார் நின்ற பிறகுதான் முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளினேன்.

"ஏம்மா தள்ளின?" என்று விழுந்த இடத்திலிருந்து கத்தினாள்.

அவள் முகத்தைப் பிடித்து, "என்ன தெரியுது? சொல்லுடி, என்ன தெரியுது?" என்று உலுக்கினேன். மற்றவர்களைச் சோதிக்க ஒரு கண்ணைப் பொத்த வேண்டும். இவளுக்கு அந்த வேலைகூட இல்லை.

"உன் மூஞ்சிதான் தெரியுது. அழுது அசிங்கமா இருக்கு" என்றாள்.

அவர் ஓடி வந்தார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. சில பேருக்கு மறுநாள்தான் தெரியும். காலைல பார்வைக்கு நடுவுல கறுப்பா ஏதாவது நின்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். என் கையைப் பார்த்து மருந்து போட்டுவிட்டார். வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்த தோழிகளைத் திருப்பி அனுப்பினோம்.

விடியும்வரை எனக்கு இருந்த பயத்தைச் சொல்லி மாளாது. அவள் கண்ணை மூடித் தூங்குவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. திறக்கும்போது என்ன இருக்குமோ, என்ன இருக்காதோ. அண்ணாமலையாருக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மிஷினுக்குள் ஏதோ புகுந்துகொண்டு என் பிள்ளையின் கண்ணைக் குறி வைக்கிறது என்றுகூட நினைத்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா அது? பயத்துக்குப் படிப்பாவது ஒன்றாவது.

விடிந்ததும் மாடிக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கிருந்தே கூப்பிட்டார். "இந்தா, மேல வா."

போனேன். அவர் கோலமாவுக் கோட்டைக் காட்டினார். அம்புக்குறி காட்டிய திசையிலேயே, 'வ' என்ற எழுத்துக்கு மேலே, சூரியன் சிவப்பாக முளைத்துக்கொண்டிருந்தது.

"நாம போட்டது வடக்கு இல்ல, கெழக்கு" என்றார்.

நான் தேரடி வீதியில் பிறந்தவள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால்தான் இறங்கும். அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். அவருடைய நிலத்தில் நின்றாலும் மலை மேற்கேதான். எங்கள் இரண்டு பேருக்கும் மேற்கு என்றால் மலை, மலை என்றால் மேற்கு. யோசித்துச் சொல்கிற விஷயமே இல்லை. ஆனால் இந்த வீடு மலைக்குத் தெற்கே இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால், கிரிவலப் பாதையில் எமலிங்கம். எமன் எந்தத் திசைக்குக் காவல் என்று சின்னப் பிள்ளை சொல்லும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. நாங்கள் தெற்கு என்று வைத்தது மேற்கு, அங்கேதான் சூரியன் இருந்திருக்கிறது. மிஷின் எங்கள் பேச்சை நம்பி நேராகப் போயிருக்கிறது.

கீழே இறங்கினபோது மகள் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அதுல பொடி எழுத்து தெரியுதா பாரு."

"கடகம், பயம்" என்று ராசிபலனைப் படித்தாள். "உன் ராசிதாம்மா."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, டெலஸ்கோப்பைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். அவர் தடுக்கவில்லை. மகளும் இந்த முறை பெட்டியின் மேல் உட்காரவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு பத்திரமா இருக்கும்மா. அத வச்சி நான் எதத்தான் பாக்கறது?" என்று கேட்டாள். அதில் கோபம்கூட இல்லை.

கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சில நாள் கழித்து நானேதான் கயிற்றை அவிழ்த்தேன்.

சூரியன் முழுக்க இறங்கி, மாடி விளக்கைப் போட்ட பிறகுதான் அவளை மேலே வர விட்டேன். பழைய கோட்டைக் கழுவிவிட்டு, மலையைப் பார்த்துப் புதுக் கோடு போட்டாள். வடக்கு நட்சத்திரம் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. மலையையே வடக்கு என்று எடுத்துக்கொண்டோம். மோட்டார் முனகினபோது என் அடிவயிறு கூடவே முனகியது. முதல் நட்சத்திரம் குழாய்க்குள் வந்தது. இரண்டாவதும் வந்தது. ரிமோட்டில் அவள் ஏதோ தட்டினாள். குழாய் திரும்பி நின்றது.

"சனி" என்றாள். "நீ மொதல்ல பாரு. உனக்குத்தானே பயம்."

கோயிலில்கூட நான் சனிக்கு நேரே நிற்க மாட்டேன். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு நேருக்கு நேர் குனிந்தேன். இடது கண்ணைத் தழும்பு இருந்த கையால் பொத்திக்கொண்டேன். கறுப்புக்கு நடுவில் சின்னதாக, மஞ்சளாக, வளையத்தோடு நின்றது.

"ஒரு கண்ணால பாக்க எப்டி இருக்கு?"

"நல்லாத்தாண்டி தெரியுது."

"எனக்கும் அப்படித்தாம்மா தெரியும். நீதான் இத்தன வருஷமா அழுதுனு இருக்க."

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவள் குனிந்தாள். சூரியன் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஆனாலும் என் கை தானாகப் போய் அவள் கண்ணுக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றது.

"கைய எடும்மா, மறைக்குது" என்றாள்.

எடுத்தேன்.