சாட்டியில் எடுத்த படம்

சரவணைக் கிராமத்து ரைம்கீப்பர் சண்முகரத்தினத்தோடு சேர்ந்திருந்து ரீவி பார்க்க ஊரில் யாரும் சம்மதிப்பதில்லை. சம்மதித்தவர்களும் ஒருமுறையோடு கும்பிடு போட்டுவிட்டார்கள். இருபத்தாறு வருடமாகப் பஸ் வந்த நேரம், போன நேரம் குறித்த மனிதர். பஸ் ஆறு நிமிடம் பிந்தினால் பதினைந்து நிமிடம் விளக்கம் கேட்பார். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டுச் சனம் ஓடியபோதுகூட, வீட்டுப் படலையைச் சாத்திய நேரத்தைக் கடுதாசித் துண்டொன்றில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடியவர். பிற்பகல் மூன்று நாற்பது. அந்த ஓட்டத்தில் அவருடைய பிறப்புப் பத்திரம் தொலைந்து, பிறகு எடுத்த பத்திரத்தில் ஒரு திகதியும் அடையாள அட்டையில் இன்னொரு திகதியுமாக அவர் இரண்டு தரம் பிறந்தவராகிப் போனது வேறு கதை. அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசக்கூடாது.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய நகைச்சுவைத் தொடர் அகப்பட்டால் அது என்ன பாடு படும்! ‘கதவிலக்கம் பதினொன்று’ முப்பது வருடத்துக்கு முந்திய தொடர். ஒரு வீடு, ஒரு மாமியார், வீட்டோடு மாப்பிள்ளை, மூன்று பெண்கள், ஓசிச் சோறு தின்னும் ஒரு சித்தப்பா. ஊர் உலகமெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு, இப்போது மாலை ஆறு மணிக்கு மறுபடியும் போடுகிறார்கள். சண்முகரத்தினம் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, மடியில் பிழை குறிக்கும் கொப்பியோடு இருப்பார். அந்த வீட்டை வெளியிலிருந்து காட்டினால் மாடி கிடையாது. உள்ளே எல்லோரும் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். மூத்த பெண் நான்கு வருடமாகப் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறாள். மாமியாரின் கோப்பி குடிக்கக் குடிக்கக் கூடுகிறது. மாப்பிள்ளையின் கலியாண நாள் ஒரு பாகத்தில் தையில் வருகிறது, இன்னொன்றில் வைகாசியில். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினான்காம் பாகத்தில் செத்து, எட்டாம் நாள் செலவும் முடிந்த சித்தப்பா, அறுபத்து மூன்றாம் பாகத்தில் கலியாணப் பந்தியில் இருந்து வடை கடிக்கிறார்.

“செத்தவன் வடை தின்னுறான். ஒருத்தருக்கும் கண் இல்லையே?” என்று கத்துவார் சண்முகரத்தினம்.

“உங்களுக்கு மட்டும்தான் கண்,” என்பாள் மனைவி பாலாம்பிகை, குசினிக்குள் இருந்தபடியே. “சிரிக்கிற இடத்தில சிரிச்சால் என்ன, பல்லுக் கொட்டுண்டு போகுமோ?”

பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒரே ஆள் மகள் பைரவி. வேலணையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா படிப்பிக்கிறவள். அவளுக்கும் அந்தக் கண் உண்டு. “அப்பா, ஏறேக்க பச்சைச் சீலை, இறங்கேக்க நீலம்,” என்று அவள் முந்திக்கொண்டால், தோற்றுப்போன சந்தோசத்தில் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரே பிள்ளை. தன் கண்ணை அவளுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

பைரவிக்கு மாப்பிள்ளை சரிவந்தது. கரம்பொன்னைச் சேர்ந்த குடும்பம், பையன் நிசாந்தன் கனடாவில். அவனுக்கு லீவு ஆடித் தொடக்கத்திலிருந்து ஆவணி வரைக்கும். ஆடியில் தாலி கட்ட எந்த ஐயர் நாள் வைப்பார்? பதிவுகாரருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். விசாவுக்குப் பத்திரமும் கெதியாகத் தேவை, எனவே யூலை இருபத்திரண்டில் வீட்டில் வைத்து எழுத்து, அதாவது பதிவுக் கலியாணம். ஒரு மாதம் கழித்து, ஆவணியில், நயினாதீவுக் கோயிலில் தாலிகட்டு. எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தகப்பன் வீட்டுப் பெண்தான். நம்மூரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிசாந்தனின் மாமி இரண்டு வான் பிடித்து, சொந்தபந்தம் முழுவதையும் அள்ளிப் போட்டுக்கொண்டு சாட்டிக் கடலுக்குப் போனாள். பைரவியும் போனாள். கடல்காற்றில் அவளுடைய சால்வை பறந்து நிசாந்தனின் முகத்தை மூடிவிட்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது யாரோ படம் எடுத்தார்கள். மூலையில் திகதி விழுந்திருந்தது. பைரவியின் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி மட்டும்.

தாலி கட்டி நிசாந்தன் திரும்பிப் போன பிறகு, விசாவுக்கான கோப்பைச் சண்முகரத்தினம் தன் கையில் எடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு படமாக, கொப்பியும் பேனையுமாக நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் துள்ளி எழும்பினார்.

“பிழை!”

யூலை இருபத்திரண்டில் கலியாணம் என்று பத்திரம் சொல்கிறது. ஒன்பது நாள் கழித்து எடுத்த படத்தில் கழுத்தில் தாலி இல்லை. வெள்ளைக்காரனுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? கலியாணமே பொய் என்று சொல்லமாட்டானா? இந்த ஓட்டைக்குள் ஒரு பஸ்ஸே நுழையலாம் என்று தோன்றியது அவருக்கு. மறைப்பானேன், இன்னொரு அரிப்பும் இருந்தது. தாலி ஏற முதல் பிள்ளை மாப்பிள்ளையோடு வெளிக்கிடவே இல்லை என்று தமையன் அப்புத்துரையிடம் அவர் அடித்துச் சொல்லியிருந்தார். படத்தை உருவி அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார்.

“நேர்முகத்தில கேட்டால், எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில எங்கையும் போகேல்லை எண்டு சொல்லு பிள்ளை.”

“போனனாங்கள்தானே அப்பா?”

“போனதுதான். கதைக்குத் தேவையில்லாத காட்சி. வெட்டிவிட்டால் பிழை இல்லை.”

பைரவி சிரித்தாள். அப்பா பார்த்தால் பிழை இராது என்று நம்பினாள். நிசாந்தனிடம் அவர் இதைச் சொல்லவில்லை. மருமகனைக் கூப்பிட்டுப் பொய் சொல்லும்படி கேட்க எந்த மாமனாருக்கு வாய் வரும்? பெண்ணைத்தானே கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

அடுத்த வருடம் ஆவணியில் கொழும்பில் விசா நேர்முகம். எழுத்து முடிந்து தாலி கட்டும்வரை இருவரும் சேர்ந்து எங்கேயாவது போனீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள் பைரவி. அதிகாரி தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். சால்வை பறக்கிறது. இருவரும் சிரிக்கிறார்கள். நிசாந்தன் தன் பக்கத்துப் பத்திரங்களோடு முதல் படமாக அதைத்தான் அனுப்பியிருந்தான். முந்திய கிழமை அவனைத் தொலைபேசியில் விசாரித்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, காற்றையும் ஐஸ்கிறீமையும் விடாமல், இருபது நிமிடம் சொல்லியிருக்கிறான். தாலி ஏன் இல்லை என்று கேட்டார்களாம். ஆடியையும் ஆவணியையும் பற்றி அவன் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டும் விட்டார்களாம். பைரவி திகைத்துப்போய், “மறந்துபோச்சு,” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர் தகப்பன், அகப்பட்டது மகள்.

புரட்டாதியில் கடிதம் வந்தது. இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண். உண்மையான திருமணம் என்று திருப்திப்பட முடியவில்லை.

நிசாந்தன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்முகரத்தினத்துக்குத் தாங்க இலகுவாக இருந்திருக்கும்.

“மாமா, அந்தப் படத்தில என்ன பிழை? நான் அதைத்தானே மேசையில வைச்சிருக்கிறன்.”

அவர் போனை மகளிடம் நீட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றார். பஸ் பிந்தினால் சாரதியைக் கேட்கலாம். இதற்கு யாரைக் கேட்பது?

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியிடம் ஓடினார். எல்லாம் தன் பிழைதான், மகளைப் பொய் சொல்ல வைத்தது தான்தான் என்று ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனார். திகதி, நேரம் எல்லாம் போட்டிருந்தது. சட்டத்தரணி வாசித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஐயா, இதைக் குடுத்தால் இது மூண்டாவது கதை. இனி நீங்கள் ஒண்டும் எழுதாதேங்கோ. அப்பீல் போட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்.”

“எவ்வளவு காலம்?”

“சொல்லேலாது.”

நேரம் சொல்ல முடியாத ஒரு காரியத்தை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று அவர் பார்க்கவில்லை.

ஒரு வருடம் போய்விட்டது. பைரவி தாலியோடு வேலணைக்குப் போய் வருகிறாள். “எப்ப பிள்ளை பயணம்?” என்று கேட்பவர்களுக்குச் சிரித்துக் காட்டுகிறாள். தகப்பனை ஒரு சொல் சொல்லவில்லை. பாலாம்பிகையும் சொல்லவில்லை. சொல்லாத வீட்டில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று சண்முகரத்தினத்தைக் கேட்டால் தெரியும்.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பைரவிதான் ரீவியைப் போட்டாள். தொடர் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, அறுபத்து மூன்றாம் பாகத்துக்கு வந்திருந்தது. கலியாணப் பந்தி. செத்த சித்தப்பா வடையை எடுத்தார். சண்முகரத்தினத்தின் மடியில் கொப்பி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பாலாம்பிகையும் குசினி வாசலில் வந்து நின்றாள்.

பைரவி திரையில் தெரிந்த அந்த வீட்டைக் காட்டினாள்.

“எத்தினை பிழை அப்பா,” என்றாள். “இல்லாத மாடியில ஏறுகினம். செத்தவரும் வந்து சாப்பிடுறார். ஆனா பாருங்கோ, எல்லாரும் ஒரே வீட்டிலதான் இருக்கினம்.”

அதில் சண்முகரத்தினத்தால் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை.