படிக்கு ஒரு முடிச்சு

சரக்கு இறக்க லாரிக் கயிற்றை அவிழ்த்தபோது தவிட்டு வாசனை வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கவரைப்பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இதே வாசனையோடு ஒரு கயிறு கட்டியிருந்தது. கண் தெரியாத தாத்தா அதைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்வருவார். படிக்கு ஒரு முடிச்சு, கதவுக்கு இரண்டு. நான் கையைப் பிடிக்கப் போனால், "நவுருடா, நானு இன்னா கொயந்தயா?" என்பார்.

பல ஊர் சுற்றிவிட்டு, போன மாதம்தான் வீடு திரும்பினேன். இப்போது அப்பாவுக்கும் பார்வை போய்விட்டது. கக்கூஸுக்கு நான் கூட்டிப்போவதற்கு வெட்கப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்.

லாரிக் கயிற்றை அவிழ்த்த அன்றைக்கே, வீட்டிலிருந்து கக்கூஸ் வரைக்கும் கயிறு கட்டினேன். அப்பா தடவிப் பார்த்தார்.

"படி முடிச்ச தள்ளிப் போட்டுக்கீறடா. உங்க தாத்தா இருந்தா ஒதைப்பாரு."

மாற்றிப் போட்டேன். "இப்ப சரியா நைனா?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்த் திரும்பினார். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.