மோரும் வெற்றிலையும் காப்பாற்றாது

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே கம்பவுண்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, என் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் குடித்தார் என்பது. பூச்சிமருந்தைத்தான் கேட்டார். பதினோரு மணி இருக்கும் என்று நானும் சொன்னேன். சொன்ன அந்த வாயை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். குத்தகை நிலம். குத்தகைக்காரர் பெயரைப் பதியலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. இவர் மனுக் கொடுத்தார். நிலத்துக்காரர், இவன் சாகுபடியே செய்யவில்லை என்று எதிர்மனுக் கொடுத்தார். தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. மனுஷர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அந்த நேரம் பார்த்துக் குறுவையில் புகையான் விழுந்தது (நெல்லின் தூரில் அடைந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி). பயிர் கருகிப்போனால் சாகுபடி செய்தேன் என்று எதைக் காட்டுவது?

ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாகவே போனார். வெற்றிலை போட்டுக்கொண்டு அடித்தால் மருந்து நெடி குமட்டாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ! மருந்து கலக்கிய கையாலேயே சுண்ணாம்பு தடவி, வாய் நிறைய அடக்கிக்கொள்வார்கள். ஸ்பிரேயர் முனை அடைத்துக்கொண்டால் உதட்டை வைத்து ஊதுவார்கள். அதற்கு முன்பும் இரண்டு தடவை இவருக்குத் தலை சுற்றியது. மோரைக் கொடுத்துப் படுக்க வைத்தேன், சாயங்காலம் எழுந்துவிட்டார்.

அன்றைக்குக் கஞ்சி கொண்டுபோனபோது வரப்பில் கிடந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்தில் மருந்து டப்பா மூடியில்லாமல் கிடந்தது. பாவி மனுஷா, கடைசியில் குடித்தேவிட்டாயா என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்து வயலில் களையெடுத்தவர்கள் ஓடிவந்து, அங்கேயே வண்டியைப் பூட்டினார்கள். மூன்று மைலில் பாதிரிமார் ஆஸ்பத்திரி.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி (கருவிழி நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அட்ரோபின் (இந்த விஷத்தின் வேகத்தை அடக்கும் ஊசி மருந்து) ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவியபோது வெற்றிலைச் சாறுதான் வந்தது. வார்டு சிஸ்டர், தரங்கம்பாடிப் பக்கத்து அம்மா, சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு உடம்பு முழுக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஸ்பிரேயர் ஒழுகி முதுகெல்லாம் மருந்து. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடிச்ச மாதிரி தெரியலம்மா. தோல் வழியாவும் வெத்தல வழியாவும் ஏறியிருக்கு. நீங்க அழாதீங்க."

அப்போதுதான் அதிகமாக அழுதேன். பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவரை ஒரு டப்பாவைப் பார்த்ததும் சந்தேகப்பட்டுவிட்டேனே.

இரண்டு நாள் அவருக்கு நினைவு சரியில்லை. அட்ரோபின் வேகத்தில் நாக்கு காய்ந்து, நாற்றுப் பறிப்பதுபோல் போர்வையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்டார்! அதுவும் எனக்கு அமிர்தமாக இருந்தது. டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை விவசாயிகள் சங்கத்து ஆள் ஒருவர் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து விசாரணையைத் தள்ளிவைத்தார். பிற்பாடு பெயரும் பதிவாயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் என்னைத்தான் உட்கார வைத்துச் சொன்னார். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும், ஒழுகும் ஸ்பிரேயரைத் தொடவே வேண்டாம், முனை அடைத்தால் குச்சியால் குத்தட்டும், வேலை முடிந்து சோப்புப் போட்டுக் குளிக்கும்வரை வெற்றிலை, பீடி, சோறு எதுவும் கூடாது. காலி டப்பாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கழுவி அரிசி அளப்பேன் என்றேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் இருக்கும் திசைக்கு இன்றும் கும்பிடுகிறேன்.

சம்பா அறுப்பு முடிந்த பிறகுதான், நான் சந்தேகப்பட்டதை இவரிடம் சொல்லத் தைரியம் வந்தது. களத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"நல்ல வேள, அப்படி நெனச்ச. தலசுத்தல்னு நெனச்சிருந்தா மோரக் கொடுத்துப் படுக்க வச்சிருப்ப. நானும் போய்ச் சேந்திருப்பேன்."

உண்மைதானே. அதனால், இதைப் படிக்கிறவர்களே, மருந்தடித்தவருக்குத் தலை சுற்றினாலும், வாயில் எச்சில் வழிந்தாலும், எப்படி ஏறியது என்று ஆராயாதீர்கள். வண்டியைப் பூட்டுங்கள்.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் நடவு, களை, அறுப்புதான். இப்போது இவர் மத்தியானம் கொஞ்சம் அயர்ந்தாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். தூக்கம் கலைந்து என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.