பன்னிரண்டு கொக்கிகள்

நான் தேறியவை என்று கையெழுத்துப் போட்ட கொக்கிகள் இருநூறு. உடைந்தது ஒன்றுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை சரி என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த அரையின் அடியில் நின்றவரிடம் போய் அதைச் சொல்லச் சொன்னேன்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் இருந்தேன். பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பிகள் செய்தோம். எந்தப் பாகத்துக்கு எந்த உருக்கு என்று தீர்மானிப்பது என் வேலை. உருக்குக்கு பர்மிட் கிடைக்காத காலம்; கேட்பது ஒரு ரகம், வருவது வேறு. அதனால் கொக்கியின் வரைபடத்தில் ‘உருக்கு’ என்று மட்டும் எழுதினேன், ரகத்தை எழுதவில்லை. இது என் முதல் தப்பு. யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொக்கிகளைத் தாராவியில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கினோம். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். கப்பல் உடைக்கும் இடத்தில் பழைய நங்கூரச் சங்கிலி வாங்கிவந்து உலையிலிட்டு அடிப்பார். அந்த இரும்பில் பாரம் மிஞ்சினால் கொக்கி மெல்ல விரியும்; அதைப் பார்த்து ஆள் விலகிக்கொள்ளலாம். அதைவிடக் கெட்டியான உருக்கு அதிகம் தாங்கும், ஆனால் சொல்லாமல் ஒடியும். கொக்கிக்கு வலுவைவிட இந்தக் குணம் முக்கியம்.

இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு கொக்கியை இழுத்து நாசமாக்கவேண்டும். இருநூறையும் நாசமாக்க முடியாது. பன்னிரண்டு போதும் என்று முடிவு செய்தேன். அந்தப் பன்னிரண்டை நானே போய், குவியலில் பார்க்காமல் கையை விட்டு எடுத்திருக்கவேண்டும். மாட்டுங்காவில் என் அறையிலிருந்து பட்டறைக்கு இருபத்தாறு நிமிஷ நடை. மழைக்காலம், கணுக்கால் சேறு, தோல் பதனிடும் நாற்றம். ‘பரிசோதனைக்குப் பன்னிரண்டு அனுப்பவும்’ என்று சீட்டு எழுதி லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டும் விரிந்தன. ஒன்றுகூட ஒடியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏழாவது வாரம் வடாலாவில் ஒரு கிடங்கில் ஒரு கொக்கி ஒடிந்து, கீழே நின்ற சுமைக்காரரின் வலது கால் போயிற்று. ஒடிந்த இடம் கற்கண்டு போல மினுமினுத்தது. நங்கூரச் சங்கிலி அப்படி ஒடியாது. அன்றே தாராவிக்குப் போனேன்.

“சங்கிலி பத்தலை சார். கடைசி அறுவதைத் தண்டவாளத் துண்டுல அடிச்சேன். அது இன்னும் கெட்டி இரும்புல்லா?” என்றார் பட்டறைக்காரர்.

“எனக்கு அனுப்பினதுல அது ஒண்ணுகூட இல்லையே, அண்ணாச்சி?”

“அது பார்வையா வரல. நீங்க பரிசோதனைன்னு எழுதியிருந்தீய. பொண்ணு பாக்க வாறவுக முன்னால மூஞ்சி கழுவாமயா கொண்டாந்து நிறுத்துவோம்?”

அவர் ஏமாற்றவில்லை. எனக்கு மரியாதை செய்திருந்தார். திரும்பும் வழியில் கணக்குப் போட்டேன். இருநூறில் அறுபது தண்டவாளம். நானே கண்டபடி எடுத்திருந்தால், பன்னிரண்டும் சங்கிலி இரும்பாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அந்தச் சேற்றுக்குப் பயந்து மீதித் தொண்ணூற்றொன்பதையும் விட்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். அவரும் மாட்டுங்காத் தமிழர்தான்.

“சாம்பிளைப் பொறுக்கினது யாரு?”

“பட்டறைக்காரர் சார்.”

“அப்போ பயமென்ன? அதையே எழுதிடும்.”

எழுதினேன். ‘தேர்ந்தெடுத்த மாதிரிகளை மட்டும் சப்ளையர் அனுப்பியுள்ளார்.’ ஐந்தே சொற்கள், ஐந்தும் உண்மை. மீதிக் கொக்கிகளைத் திரும்ப வாங்கினார்கள். பட்டறைக்கு ஆர்டர் நின்றது. உலையில் ஐந்து ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதித் தாங்க சார். இனிமே சங்கிலியைத் தவிர வேற இரும்பைத் தொடமாட்டேன்னு எழுதுங்க. எனக்கு இங்க உங்களை விட்டா யாரத் தெரியும்?”

எழுதிக் கொடுத்தேன், பதினொரு வரி. நன்றாகவே எழுதினேன். அவர் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கு சார்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அந்த மனு, டிசைன் பிரிவின் கருத்துக்காக என் மேஜைக்கே வந்தது. என் கையெழுத்தையே நான் படித்தேன். மனுவை ஏற்கவேண்டுமானால் மாதிரி கேட்ட விதம் தவறு என்று எழுதவேண்டும். சீட்டு யாருடையது என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், இன்னும் நிரந்தரமாகவில்லை. ‘பரிந்துரைக்க இயலாது’ என்று எழுதி மேலே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் வந்து, பட்டறைக்காரர் கேட்டில் நிற்கிறார், மனு என்ன ஆயிற்று என்று கேட்கிறார் என்றான். மேலே இருக்கிறது, இன்னும் வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் அதையே சொல்லச் சொன்னேன்.