பதினாலாவது குரல்

பதிமூன்று. பெய்ஜிங்கில் கூண்டில் வளரும் வானம்பாடிக்கு இத்தனை குரல்கள் தெரிந்திருக்க வேண்டும். சிட்டுக்குருவியில் தொடங்கி கோழி, தகைவிலான், பூனை, பருந்து என்று வரிசை பிசகாமல் பாட வேண்டும். வெளிக்குரல் ஒன்று கலந்துவிட்டால் அது ‘அழுக்கு வாய்’. கேட்கிற மற்ற வானம்பாடிகளுக்கும் தொற்றிக்கொள்ளும்.

லுவான் தெகுய் டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் தூரத்து ஷென்ஜென் நகரில். காலையில் பூங்காவின் தெற்கு வாசலில் கூண்டுகளோடு கூடுபவர்களிடம் பேசுவதுதான் அவருடைய அன்றைய மொத்தப் பேச்சு.

2009 மே மாதம் ஒரு காலை. பூனைக்குப் பிறகு பருந்து வரவேண்டிய இடத்தில், அவருடைய பறவை துள்ளலாக வேறொன்றைப் பாடியது.

சட்டென்று எல்லோரும் தங்கள் கூண்டுகளைத் துணியால் மூடினார்கள்.

“என்னண்ணே இது, பஸ் ஹார்னா?” என்று ஒருவர் சிரித்தார்.

“சிட்டுதான்யா. தொண்டை கட்டியிருக்கும்” என்றார் லுவான்.

“யாருகிட்ட?” என்றார் கூட்டத்தில் மூத்தவரான சூ. “இது தெற்கத்திக் கொண்டைக்குருவி. இப்பதான் நம்ம ஊருக்கு வர ஆரம்பிச்சிருக்கு. ஜன்னல மூடமாட்டியா நீ?”

அந்தக் கொண்டைக்குருவி மார்ச்சிலேயே லுவான் வீட்டு இலந்தை மரத்துக்கு வந்துவிட்டது. முதல் நாளே குரலை அடையாளம் கண்டுகொண்டார். ஜன்னலை மூட வேண்டும் என்பதும் தெரியும். மூடினால் வீட்டுக்குள் வேறு சத்தமே இருக்காது. திறந்தே வைத்தார்.

“பறவைய யாருக்காவது குடுத்துடு. நீ மட்டும் வா, டீ குடிக்கலாம்” என்றார் சூ.

மறுநாள் லுவான் வெறுங்கையோடு போனார். தினை, புழு, கூண்டுக்குப் போடும் மணல் என்று பேச்சு ஓடியது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் கூண்டை எடுத்துக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனார். நடுவில் ஏரி. அங்கே கூண்டோடு யாரும் வருவதில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருமுறை சூ தேடிக்கொண்டு வந்தார், தன் பறவையை வீட்டில் விட்டுவிட்டு.

“இன்னும் அதையேதான் பாடுதா?”

“பாடுது.”

“மொத்தம் எத்தனை?”

“பதினாலு.”

சூ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

லுவான் இப்போதும் வடக்கு வாசலில்தான் உட்காருகிறார். ஏரியைத் தாண்டித் தெற்கு வாசல் பக்கம் காற்றடிக்கும் நாட்களில் கூண்டை மூடிவிடுகிறார்.