சிரிப்பு அடங்கும்வரை

எங்கள் பங்குக் கோவிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகங்களில் பல வருடங்களாக நான்தான் சிரிப்பு நடிகை. தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தால் மண்டபமே குலுங்கும்.

போன மாதம் என் அக்கா இறந்துபோனா. ஈஸ்ட் ஹாம் மலர்ச்சாலையில் அக்காவின் உடல் வைத்திருந்த பெட்டியைக் கண்டதும், "என்ரை அக்கா, என்னை விட்டிட்டுப் போயிட்டியே!" என்று கதறினேன். மேடையில் கதறும் அதே குரல்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அடுத்த வரிசைக்கும் தொற்றியது. அக்காவின் மகள் திரும்பி அவர்களை முறைத்தாள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் ஏது? மேடையில் செய்வதுபோலவே, சிரிப்பு அடங்கும்வரை நின்று காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் மறுபடி அழத் தொடங்கினேன்.